பெண்டிரும் பளுவும்

இறந்தவர்களின் எலும்பு பேசுமா என்று கேட்டால், பேசும் என்றே விடை கூறுகின்றனர் தொல்மாந்தர் ஆய்வாளர்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் மாக்கின்டோஷ் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழர்களும், நடு ஐரோப்பாவில் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பு உழுதுண்டு வாழ்ந்த பெண்களின் கையெலும்புகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தனர். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அதற்கு அவர்கள் தேர்ந்தது தங்கள் பல்கலைக்கழகத்துப் படகுவலிக்கும் பெண்களை. அப்பெண்கள் நாளொன்றுக்கு இருமுறை பயிற்சி செய்து, வாரத்துக்குச் சராசரியாக 120 கிலோமீட்டர் தொலைவு துடுப்பு வலிப்பவர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான ஆய்வின் முடிவு வியப்பானது. உழவுக் காலத்து அப்பெண்களின் மேற்கை எலும்பு, இப்படகு வீராங்கனைகளின் எலும்பைக் காட்டிலும் 11 முதல் 16 விழுக்காடு வரை வலிமை மிக்கதாயிருந்தது. பயிற்சி ஏதுமில்லாத சாதாரண மாணவியரோடு ஒப்பிட்டாலோ ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதி.

அவர்களுக்கு இவ்வலிமை எங்கிருந்து வந்தது? மண்ணைக் கொத்தியதால் வந்தது. கதிர் அறுத்ததால் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு கற்களுக்கிடையே தானியத்தை வைத்து நாள்தோறும் பல மணி நேரம் அரைத்ததால் வந்தது என்கின்றனர் ஆய்வாளர்.

இதனைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது என் உம்மாவின் புயமே. பெருநாளைக்கு முந்திய இரவில் இடியப்ப மாவுக்காக அவர் உரலில் அரிசி இடிக்கும் ஓசை கேட்டுத்தான் நாங்கள் உறங்குவோம். பொழுது விடிந்தால் அம்மி. அது முடிந்தால் ஆட்டுக்கல். இடையிடையே கொல்லைக் கிணற்றில் இறைத்த நீர் குடம் குடமாக இடுப்பேறி அடுக்களைக்குச் செல்லும். நிறைகுடம் ஒன்று 15 லிட்டர் கொள்ளுமாயின், குடத்தின் கனம் நீங்கலாக நீரின் எடை மட்டுமே 15 கிலோ. இவ்வாறு ஒரு நாளைக்கு எத்தனை குடங்கள்! பெண் பளு தூக்கலாகாது, அது அவள் உடலுக்கு ஒவ்வாது என்று அந்நாளில் எவரும் சொல்ல நான் கேட்டதில்லை. வீட்டுக்காகத் தூக்கினாள், வயலுக்காகத் தூக்கினாள், கட்டடக் கூலிக்காகச் செங்கல்லும் சாந்துச் சட்டியும் தூக்கினாள். அப்போதெல்லாம் வாய்மூடியிருந்த உலகம், தன் உடல் நலத்துக்காக அவள் ஓர் இரும்பைத் தொட்டபோதுதான் பதறி எழுந்து நூறு காரணங்களைச் சொல்லிற்று. இப்பதற்றத்தின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாடுகளில் பலசாலிப் பெண்கள் இருந்தனர். ஆனால் அவர்களுக்குரிய இடம் சர்க்கஸ் கூடாரமாகவே இருந்தது. 1884இல் வியன்னாவில் சர்க்கஸ் குடும்பமொன்றில் பிறந்த கேத்தி ஸாண்ட்வினா என்பவர் இவர்களுள் புகழ்மிக்கவர். அமெரிக்காவின் பார்னம் அண்டு பெய்லி சர்க்கஸில் சேர்ந்து, தம் கணவரை ஒரு கையால் தலைக்குமேல் தூக்கி நிறுத்திக் காட்டுவார். பார்த்தோர் கைதட்டினர். ஆனால், தம் மகளும் மனைவியும் இவ்வாறு வலிமை பெறலாம் என்று கூடாரத்தைவிட்டு வெளியேறியவர்களுள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்? யானையையும் சிங்கத்தையும் பார்ப்பதுபோலவே அவரையும் பார்த்தனர். அதிசயம் என்று ஒன்றைப் பெயரிட்டுவிட்டால், அதிலிருந்து பாடம் கற்கும் கடமை நமக்கில்லாமல் போய்விடுகிறது.

சாதாரணப் பெண்ணொருத்தி, சாதாரணக் காரணத்துக்காக, பளுவைக் கையிலெடுத்த வரலாறு வேறிடத்தில் தொடங்குகிறது. அவர் பெயர் ஆபி ஸ்டாக்டன். 1917இல் பிறந்து, கலிபோர்னியா மாநிலத்துச் சாண்டா மோனிக்காவில் வளர்ந்தவர். இளமையில் வீட்டார் வைத்த செல்லப்பெயர் ‘பட்ஜி’. குண்டுப் பெண் என்பது அதன் பொருள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலைக்குச் சென்றார். நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை, உடல் பருத்தது. பிற்காலத்தில் அவரை மணந்துகொண்ட லெஸ் ஸ்டாக்டன், கைக்கடக்கமான இரும்புக் குண்டுகள் சிலவற்றை, அதாவது டம்பெல் என்பவற்றை, அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இவ்வளவே தொடக்கம். மேடையுமில்லை, பந்தயமுமில்லை. உட்கார்ந்த வேலையால் உடல் தளர்ந்த ஒரு பெண் அதனைச் சீர்செய்ய விரும்பினார். இன்று நம் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் இருக்கும் பெண்களின் நிலையும் இதுவேயன்றோ?

அக்காலத்தில் பளுவைப் பற்றி நிலவிய அச்சங்களை இங்கே சொல்லியாக வேண்டும். இரும்பு தூக்கினால் தசைகள் இறுகி உடல் மடங்காது போய்விடும் என்றனர். இது ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. பெண்களுக்கு இன்னும் இரண்டு: கருப்பை கெட்டுவிடும் என்பது ஒன்று, பெண்ணின் தோற்றம் மாறி ஆணுருவாகிவிடும் என்பது மற்றொன்று. மருத்துவம் பயின்றவர்களுங்கூட இவற்றைச் சொன்னார்கள். சான்று எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு எவரிடத்தும் ஒன்றுமில்லை. வழிவழியாக வாய்மொழியில் வந்த செய்திக்கு அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டுப் பழகிய நம் போன்றோருக்கு, அவ்வரிசையின் முதற்கண்ணியே அறுந்திருப்பது எளிதில் விளங்கும்.

ஸ்டாக்டன் அம்மையார் வாதத்தில் இறங்கவில்லை. 1944இல் தொடங்கிப் பத்தாண்டுகள் ‘ஸ்ட்ரெங்த் அண்டு ஹெல்த்’ என்னும் உடற்பயிற்சி இதழில் பெண்களுக்காகப் பத்தி எழுதினார். பளுவெடுக்கும் பிற பெண்களைத் தம் வாசகியருக்கு அறிமுகப்படுத்தினார். 1947இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், அமெரிக்க விளையாட்டு ஒன்றியத்தின் ஒப்புதலோடு பெண்களுக்கான பளுதூக்கும் போட்டியொன்று நிகழ அவரே காரணமாயிருந்தார். ஒப்புதல் பெற்று அங்கு நிகழ்ந்த முதற் பெண்கள் போட்டி அதுவே. அதில் அவர் ஒரே வீச்சில் 105 இராத்தலும், மார்புக்கு ஏற்றிப் பின் தலைக்குமேல் உயர்த்தும் முறையில் 135 இராத்தலும் தூக்கினார். அவருடைய உடலெடையோ ஏறத்தாழ 115 இராத்தல்தான். (இராத்தல் என்று நாம் வழங்குவது அரபியின் ‘ரத்ல்’ என்பதன் திரிபு. எடையைக் குறிக்கத் தமிழுக்கு அரபி தந்த இச்சொல், இன்று கிலோவின் வருகையால் மறைந்துவருகிறது.) மறு ஆண்டே, 1948இல், பெண்களுக்கென்றே தனிப் பயிற்சிக்கூடம் ஒன்றையும் அந்நகரில் திறந்தார்.

பெண்களுக்கென்றே தனிக்கூடம் என்பதைச் சற்று நின்று நோக்க வேண்டும். ஆண்கள் நிறைந்த கூடத்துக்குள் நுழையக் கூச்சப்படுவது நம் பெண்களுக்கு மட்டுமே உரியது என எண்ணுகிறோம். கடற்கரையில் ஆயிரவர் முன்னிலையில் பயிற்சி செய்துகாட்டிய அந்த அமெரிக்க அம்மையாரே, மற்றப் பெண்கள் வந்து கற்பதற்கு அவர்களுக்கென ஓர் இடம் வேண்டும் என்று உணர்ந்திருக்கிறார். இன்று நம் ஊர்களில் பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் பயிற்சிக்கூடங்களைக் கண்டு நகைப்போர், அது எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வயதுடைய ஏற்பாடு என்பதை அறிய வேண்டும்.

அவர் இட்ட வித்து உடனே மரமாகவில்லை. இடையில் ஒரு கால்நூற்றாண்டு ஏறத்தாழ வறண்டே கழிந்தது. 1973இல் டெக்ஸாஸ் மாநிலத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றில், சிறிய உடலமைப்புக் கொண்ட ஒரு பெண் கனத்த பளுவை எளிதாய்த் தூக்குவதை ஜேன் டாட் என்னும் இளம்பெண் கண்டார். கண்டது பற்றிக்கொண்டது. சில ஆண்டுகளில் அவர் உலகின் வலிமைமிக்க பெண்ணெனப் பேசப்பட்டார். ஸ்காட்லாந்தில் ‘டின்னி கற்கள்’ எனப்படும் இரு பெருங்கற்கள் உண்டு. இரண்டும் சேர்ந்து 733 இராத்தல், அதாவது 332 கிலோவுக்குமேல். 1979இல் அவற்றைத் தரையிலிருந்து தூக்கிய முதற்பெண் அவரே. அடுத்த பெண் தூக்குவதற்கு 2018 வரையில் உலகம் காத்திருக்க நேர்ந்தது! எனினும் அவருடைய கல் தூக்கிய செயலைவிட எழுத்துப் பணியையே நான் பெரிதென மதிக்கிறேன். பின்னாளில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, பளுப் பயிற்சியில் பெண்களுக்கிருந்த மறக்கப்பட்ட வரலாற்றைத் தேடித் தொகுத்தவர் அவர். ஸ்டாக்டன் அம்மையாரைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுள் பல, இவர் போன்றோர் தேடி எழுதியதால் நிலைத்தவை.

கல் தூக்குவது நமக்கும் புதிதன்று. தென்பாண்டிச் சீமையின் ஊர்களில் இளவட்டக்கல் கிடக்கும். அதைத் தோளுக்கேற்றி எறிபவனுக்கே பெண் என்ற வழக்கத்தைப் பற்றிப் பெரியவர்கள் கதைகதையாய்ச் சொல்வர். கல்லைத் தூக்குவது மாப்பிள்ளையின் வேலை. பெண்ணின் வேலை பார்த்துக்கொண்டிருப்பது. ஆனால் அண்மை ஆண்டுகளில் நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலன்று நடக்கும் போட்டியில் பெண்களும் இறங்கி இளவட்டக்கல்லைத் தூக்குகின்றனர்.

போட்டி உலகின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆண்களின் பளுதூக்கல் 1896இல் ஏதென்ஸில் நிகழ்ந்த முதல் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. பெண்களுக்கு உலகப் போட்டி 1987இல்தான் அமெரிக்காவின் டேடோனா கடற்கரை நகரில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில், சிட்னியில். ஆக 104 ஆண்டுத் தாமதம். அந்தச் சிட்னியில், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் பகுதியிலிருந்து வந்த கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் இருமுறையும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். ஓட்டத்திலோ பந்தாட்டத்திலோ அன்றி, பெண்ணுக்கு ஆகாது எனப்பட்ட இரும்பில் அப்பதக்கம் வந்தது என்பதை மறக்கலாகாது. அவருக்கு முன்பே மணிப்பூரின் குஞ்சராணி தேவி 1989இல் மான்செஸ்டர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றிருந்தார்; அம்மணிப்பூரிலிருந்தே வந்த மீராபாய் சானு, 2021இல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் 202 கிலோ தூக்கி ஒலிம்பிக் வெள்ளியும் பெற்றார். இப்போட்டிகளில் பெண்களுக்கு வழங்கப்படும் வெறும் இரும்புத் தண்டின் எடை எவ்வளவு தெரியுமா? 15 கிலோ. என் உம்மா இடுப்பில் சுமந்த குடத்து நீரின் எடை!

இனி, நம் வாசகர்களுள் பலர் மனத்தில் எழுந்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். உடையைப் பற்றிய கேள்வி அது.

பளுதூக்கும் போட்டியின் 2011க்கு முந்திய விதிப்படி முழங்கையும் முழங்காலும் மூடப்படாமல் இருக்க வேண்டியிருந்தது. ஏனெனில் பளுவைத் தலைக்குமேல் உயர்த்தியபின் முழங்கை முற்றிலும் நீண்டு நிலைத்ததா என்பதை நடுவர் கண்டறிய வேண்டும். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வாழ்ந்த, பாகிஸ்தானிய வழித்தோன்றலான குல்ஸூம் அப்துல்லாஹ் என்னும் பெண்மணி, பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். உடல் நலத்துக்காகத் தொடங்கிய பயிற்சி அவரைப் பளுதூக்கலுக்கு இட்டுச் சென்றது. போட்டியிட விரும்பினார்; உடலை மறைக்கும் உடையோடு வரக்கூடாது என்று மறுக்கப்பட்டது.

இவ்விடத்தில் அவர் நடந்துகொண்ட முறையே என் உள்ளத்தைக் கவர்ந்தது. விதி அநீதியானது என்று கூவிவிட்டு அவர் விலகிச் செல்லவுமில்லை. தம் ஒழுக்கத்தைக் கைவிட்டு உள்ளே நுழையவுமில்லை. விதியின் காரணம் என்ன என்று ஆராய்ந்தார். மார்க்கச் சட்டக்கலை பயிற்றும்போது மாணவர்க்கு முதலில் ஓதிக்கொடுக்கும் பாடங்களுள் ஒன்று ‘இல்லத்’ என்பது. (நம் தமிழ் ‘இல்ல’மன்று, அரபியில் ஒரு சட்டம் பிறந்ததற்கான காரணத்துக்கு அது பெயர்.) முழங்கை நீள்வது நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இங்கு இல்லத், தோல் தெரிய வேண்டும் என்பதன்று. ஆகவே உடலோடு ஒட்டிய மெல்லிய முழுநீளத் துணியைப் போட்டி உடைக்கு உள்ளே அணிந்தால், தோல் மறையும், மூட்டின் அசைவு மறையாது. இதனை விளக்கமாக எழுதி அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் வழியாக உலகப் பளுதூக்கல் சம்மேளனத்தின் முன்வைத்தார். 2011 ஜூன் மாத இறுதியில் மலேசியாவின் பினாங்கில் கூடிய சம்மேளனம் அதை ஏற்று விதியைத் திருத்தியது. மறுமாதமே அமெரிக்கத் தேசியப் போட்டியில் தலையும் கையும் காலும் மறைத்து அவர் மேடையேறினார். அவ்வாண்டு நவம்பரில் பாரிஸில் நிகழ்ந்த உலகப் போட்டியில் பாகிஸ்தானின் சார்பில் 48 கிலோ பிரிவில் கலந்துகொண்டார். பதக்கம் எதுவும் பெறவில்லை. ஆனால் அவர் திறந்த வாயில் வழியே வந்தவர்களைப் பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஐக்கிய அரபு அமீரகத்தின் பதினேழு வயதுக் கதீஜா முஹம்மத். அதே பிரிவில் எகிப்தின் அபீர் அப்துர் ரஹ்மான். அபீர் அன்று ஐந்தாமிடமே பெற்றார். முதல் மூவரும் ஊக்கமருந்து உட்கொண்டது பின்னர்த் தெரியவந்து நீக்கப்படவே, ஆண்டுகள் பல கழித்து வெள்ளிப் பதக்கம் அவரைத் தேடி வந்தது. (இவ்விளையாட்டின் பெயரை இம்மருந்துப் பழக்கம் பெரிதும் கெடுத்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.) 2016இல் ரியோவில், மற்றோர் எகிப்தியப் பெண்ணான ஸாரா அஹ்மத், பதினெட்டு வயதில், ஹிஜாப் அணிந்து 255 கிலோ தூக்கி வெண்கலம் பெற்றார். 2018இல் ஈரான் முதன்முறையாகத் தன் பெண்களை உலகப் பளுதூக்கல் போட்டிக்கு அனுப்பியது.

அரபியில் இவ்விளையாட்டுக்கு ‘ரஃப்உல் அஸ்கால்’ என்று பெயர். பளுக்களை உயர்த்துதல் என்பது பொருள். அஸ்கால் என்பதன் வேரிலிருந்து பிறந்ததுதான், ஸக்காத் கணக்கில் நாம் பொன்னை நிறுக்கும் ‘மிஸ்கா’லும். பெண்களின் பொன்னை நிறுப்பதில் எவ்வளவு கவனம் செலுத்துகிறோம்! அவர்களுடைய எலும்பின் எடையை நிறுத்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

பதக்கம் பெறுவோர் ஆயிரத்தில் ஒருவரல்லர், கோடியில் ஒருவர். எஞ்சிய பெண்களுக்கு இரும்பு எதற்கு என்ற வினாவுக்கு விடை தந்தது விளையாட்டரங்கமன்று. மருத்துவ மனையும் முதியோர் இல்லமுமே.

1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவ அம்மையாரும் அவர்தம் குழுவினரும் துணிந்து ஒரு சோதனை செய்தனர். முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய, மிகத் தளர்ந்த பத்துப் பேரைத் தேர்ந்து, எட்டு வாரங்கள் கால்களுக்குக் கனமான பளுப் பயிற்சி கொடுத்தனர். தொண்ணூறு வயதில் பளுவா என்று கேட்டவர் உலகமெங்கும் இருந்திருப்பர். முடிவில் அம்முதியவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. கைத்தடியோடு வந்தவர்களுள் இருவர் தடியைக் கைவிட்டனர். நாற்காலியின் கையைப் பற்றாமல் எழ இயலாதிருந்தவர்களுள் ஒருவர் பற்றாமல் எழுந்தார். தசை என்பது எந்த வயதிலும் ஏவலுக்குக் கீழ்ப்படியும் என்பதை அந்த எட்டு வாரங்கள் காட்டிவிட்டன.

1994இல் மிரியம் நெல்சனும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு பெண்களை மட்டுமே பற்றியது. மாதவிடாய் நின்றபின் பெண்ணின் எலும்பு விரைந்து மெலியத் தொடங்குகிறது. எலும்பைக் காக்கும் சுரப்பு அவள் உடலில் குறைந்துவிடுவதே காரணம். ஐம்பதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இரு நாள் வீதம் ஓராண்டு பளுப் பயிற்சி தந்தனர். பயிற்சி செய்யாதவர்களின் தொடைக் கழுத்தெலும்பின் அடர்த்தி 2.5 விழுக்காடு குறைந்தது. செய்தவர்களுக்கோ குறையாதது மட்டுமன்று, 0.9 விழுக்காடு கூடியது. அந்த எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த மூதாட்டியரைக் கண்டவர்களுக்கு இச்சிறிய எண்களின் மதிப்பு தெரியும்.

ஆயினும் மருத்துவ உலகில் ஓர் அச்சம் நீடித்தது. மெலிந்த எலும்புடையவள் கனமாகத் தூக்கினால் முதுகெலும்பு நொறுங்கிவிடாதா? எனவே இலேசான பயிற்சியே போதும் என்றனர். ஆஸ்திரேலியாவில் பெலிண்டா பெக் அம்மையாரின் குழுவினர் இதையும் சோதித்தனர். எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள். வாரம் இருமுறை, அரைமணி நேரம், எட்டு மாதங்கள். தரையிலிருந்து பளுவை எடுத்து நிமிர்தல், தோளில் தாங்கிக் குந்தி எழுதல், தலைக்குமேல் உயர்த்துதல் ஆகியவற்றை, ஒவ்வொருத்தியும் தூக்க வல்ல உச்ச எடையில் 85 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கனத்தோடு, பயிற்சியாளரின் கண்காணிப்பில் செய்தனர். குதித்து இறங்கும் பயிற்சியும் சேர்ந்திருந்தது. 2018இல் அச்சேறிய முடிவின்படி, அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு உயர்ந்தது. இலேசான பயிற்சியை வீட்டில் செய்த மற்றப் பிரிவினருக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. முதுகெலும்பு நொறுங்கியவர் எவருமிலர்.

எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் என்பதை 1892லேயே யூலியஸ் வுல்ஃப் என்னும் ஜெர்மானிய மருத்துவர் நூலாக எழுதிவிட்டார். சுமை கூடினால் அடர்த்தி கூடும். சுமை நீங்கினால், தேவையற்ற வேலையாளை முதலாளி நீக்குவதுபோல், உடல் எலும்பைக் கரைத்துவிடும். இப்போது உரலும் அம்மியும் போனதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அவை போனது நன்றே. நம் உம்மாமார் பட்ட பாட்டை மீண்டும் பெண்கள் தலையில் ஏற்றச் சொல்பவன் நானல்லன். கிரைண்டரும் மிக்ஸியும் குழாய் நீரும் பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையே. ஆனால் உழைப்போடு சேர்ந்து, எலும்புக்குக் கிடைத்துவந்த சுமையும் அடுக்களையை விட்டு வெளியேறிவிட்டது. அதன் இடத்தை நிரப்ப நடைப்பயிற்சி மட்டும் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையிலும், நடப்பது போன்றவற்றோடு, வாரத்துக்கு இரு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று வயது வந்தோருக்கும் முதியோருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

என் மூத்த சகோதரியின் செய்தியைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. அவருக்கு வயது அறுபத்து மூன்று. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. சோதித்ததில் எலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது. முதலில் பார்த்த மருத்துவர், இனி ஒரு வாளி நீரையும் தூக்கக்கூடாது என்று கட்டளையிட்டார். லாத்தாவும் தூக்கவில்லை. ஓராண்டுக்குள் தரையில் அமர்ந்தால் எழ இயலாமற் போயிற்று. தொழுகை நாற்காலிக்கு ஏறியது. நடையில் ஓர் அச்சம் புகுந்தது. பின்னர், உடலியக்கச் சிகிச்சை பயின்ற ஒரு பெண்மணியிடம் அழைத்துச் சென்றோம். முன் சொன்ன ஆய்வுகளை நான் தேடிப் படித்தது அவர் சொல்லித்தான்.

“இந்த வயசிலே என்னைப் பயில்வானாக்கப் பார்க்கிறியா தம்பி?” என்று லாத்தா முதலில் சினந்துகொண்டார். தொடக்கம் மிக எளிமையாகவே இருந்தது. நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் எழுதல், பத்து முறை. இரு வாரங்கள் கழித்து, இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி மார்போடு அணைத்துக்கொண்டு எழுதல். பின்பு அப்பையைத் தரையிலிருந்து, முதுகை வளைக்காமல், இடுப்பை மடித்து எடுத்தல். தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது என்பதை அப்பெண்மணி திரும்பத் திரும்பச் சொல்வார்; இரத்த அழுத்தம் உடையவர்களுக்கு அது கேடு. வாரம் இரு நாள்தான்; இடையில் ஓய்வு. எளிதாகிவிட்டால் எடையைச் சிறிது கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பயனில்லை என்பதே இதில் பலர் அறியாத செய்தி. ஒரே எடையை ஆண்டுக்கணக்கில் தூக்குபவளின் உடலுக்கு, மாறவேண்டிய தேவை எதுவும் எழுவதில்லை. இவையெல்லாம் எல்லார்க்கும் அப்படியே பொருந்திவிடா. எலும்பு முறிந்தவர்களும் இதய நோயுடையவர்களும் தக்கவரிடம் காட்டிக் கேட்டே தொடங்க வேண்டும். முதல் மாதத்திலாவது கற்றறிந்த ஒருவர் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் கண்காணிப்பு இருந்ததைச் சொன்னேனல்லவா?

ஏழெட்டு மாதங்கள் ஆயின. லாத்தா இப்போது தூணைப் பிடிக்காமல் தரையிலிருந்து எழுகிறார். தொழுகை மீண்டும் பாயில்தான். அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் தத்தம் அரிசிப் பைகளோடு செவ்வாயும் வெள்ளியும் மாலையில் வந்துவிடுகின்றனர். வலி, மருந்து என்றே பேசிக்கொண்டிருந்த திண்ணையில், யார் எத்தனை கிலோ என்ற பேச்சு எழுந்திருக்கிறது.

சென்ற மாதம் அவர் என்னை அழைத்து, பை கிழிந்து அரிசி சிந்துகிறது, கடையில் விற்கும் இரும்புக் குண்டே வாங்கி வா, ஒன்று ஆறு கிலோ வீதம் இரண்டு என்றார். விளையாட்டுப் பொருள்கள் விற்கும் கடைக்குச் சென்று கேட்டேன். எடுத்து மேசைமேல் வைத்த கடைக்காரர், “பேரனுக்கா?” என்றார்.

“இல்லை, என் லாத்தாவுக்கு” என்றேன்.

விலையைச் சொல்லுமுன் அவர் என் தாடியை ஒருமுறை, இரும்பை ஒருமுறை பார்த்தார்.